நிதானமே நெடுந்தூரம்!

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் மலைச்சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. முதல் ஒன்றிரண்டு வளைவுகளை ஓடிக் கடப்பவருக்குப் பெரிதாக மூச்சு வாங்குவதில்லை. காலில் வலிமை இருக்கிறது; மனதில் உற்சாகம் இருக்கிறது. அங்கே காட்டிய வேகத்துக்கான விலையை மலை உடனே கேட்பதில்லை. பதினைந்தாவது வளைவுக்கு மேல்தான் கேட்கிறது. அப்போது கொடுப்பதற்கு உடலில் ஏதும் மிச்சம் இருப்பதில்லை.

நெடுந்தொலைவு ஓட்டத்தின் அடிப்படை இலக்கணமும் இதுதான். 42.195 கி.மீ. தொலைவுள்ள மாரத்தானில் ஓட்டக்காரர் தளர்ந்து நிற்பது 32-ஆவது அல்லது 35-ஆவது கிலோமீட்டராக இருக்கலாம். ஆனால், அந்தத் தளர்ச்சி பெரும்பாலும் முதல் சில கிலோமீட்டர்களிலேயே தீர்மானிக்கப்பட்டு விடுகிறது.

தமிழகத்தில் சென்னை, கோவை போன்ற பெருநகரங்களில் வேரூன்றிய மாரத்தான் ஆர்வம் இன்று மாவட்டத் தலைநகரங்கள் வரை பரவியுள்ளது. அலுவலகப் பணியாளர்கள், இல்லத்தரசிகள், ஓய்வு பெற்றோர், மாணவர்கள் எனப் பலரும் விடியற்காலையில் சாலைகளில் ஓடுவதைக் காண்கிறோம். உடல்நலம் குறித்த இந்த விழிப்புணர்வு வரவேற்கத்தக்கது.

அதே வேளையில், நம்மிடையே 5 கி.மீ. ஓட்டமும் மாரத்தான் என்றே அழைக்கப்படுகிறது, 10 கி.மீ. ஓட்டமும் மாரத்தான் என்றே அழைக்கப்படுகிறது. பெயர் ஒன்றாக இருப்பதால், ஓடும் முறையும் ஒன்றே என்று பலர் எண்ணி விடுகின்றனர். ஐந்து கிலோமீட்டரில் தொடக்க வேகத்தால் நேரும் பிழையைப் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்து விடலாம். முழு மாரத்தானில் அது இயலாது.

தொடக்க மைல்களில் ஓட்டக்காரரை ஏமாற்றுவது அவரது உடலேதான். போட்டிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் பயிற்சியைக் குறைத்து ஓய்வெடுத்திருப்பார். தசைகளில் எரிபொருள் நிறைந்திருக்கும். விடியற்காலைக் குளிர்ச்சி, இசை, கூட்டத்தின் ஆரவாரம் ஆகியவற்றால் அட்ரினலின் சுரப்பு கூடும். வழக்கமான பயிற்சியில் மூச்சு வாங்கவைக்கும் வேகம், அன்றைக்கு மட்டும் மிக எளிதாகத் தோன்றும்.

உடல் தரும் எச்சரிக்கைகளும் உடனுக்குடன் வருவதில்லை. ஓடத் தொடங்கியதும் தசைகளுக்குத் தேவையான ஆக்சிஜனை இதயமும் நுரையீரலும் முழு அளவில் கொண்டு சேர்க்க இரண்டு, மூன்று நிமிஷங்கள் ஆகும். உடலின் உள்வெப்பம் படிப்படியாகத்தான் ஏறும். தசைச் சர்க்கரை குறைவதை முதல் ஒரு மணி நேரத்தில் எவராலும் உணர முடியாது. செலவு முதல் அடியிலேயே தொடங்கி விடுகிறது. கணக்குச் சீட்டு மட்டும் தாமதமாக வந்து சேர்கிறது.

இந்தக் கணக்கைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது. சமதரையில் ஓடும் ஒருவர், தன் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கலோரியைச் செலவிடுகிறார். 60 கிலோ எடையுள்ளவர் மாரத்தான் முழுவதையும் ஓடி முடிக்க சுமார் 2,500 கிலோ கலோரி தேவை.

விரைவாக எரிந்து ஆற்றல் தரும் சர்க்கரை, கிளைகோஜன் என்ற வடிவில் தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படுகிறது. நன்கு பயிற்சி பெற்ற ஒருவரிடம் இது பொதுவாக 400 முதல் 500 கிராம் வரை இருக்கும். கிராமுக்கு 4 கிலோ கலோரி என்று கொண்டால் 1,600 முதல் 2,000 கிலோ கலோரி மட்டுமே கையிருப்பு. கைகளின் தசைகளில் உள்ள சேமிப்பைக் கால்களின் தசைகள் நேரடியாகக் கடன் வாங்கவும் இயலாது. ஆகவே, உண்மையான கையிருப்பு இன்னும் குறைவு.

பற்றாக்குறையை ஈடுசெய்ய வேண்டியது கொழுப்பு. மெலிந்த உடலிலும் பல்லாயிரம் கிலோ கலோரி அளவுக்குக் கொழுப்பு இருக்கிறது. ஆனால், அது மெதுவாகவே எரியும். அதே அளவு ஆற்றலைத் தருவதற்குச் சர்க்கரையைவிடக் கூடுதலான ஆக்சிஜனையும் கேட்கும். மிதமான வேகத்தில் ஓடும்போது கொழுப்பு தன் பங்கைத் தாராளமாகத் தருகிறது. வேகம் கூடக் கூட உடல் சர்க்கரையையே அதிகம் நாடுகிறது.

இங்குதான் தொடக்க வேகத்தின் விலை மறைந்திருக்கிறது. முதல் 10 கிலோமீட்டரில் தேவைக்கு மேல் வேகமாக ஓடுபவர், கடைசி 10 கிலோமீட்டருக்கென வைத்திருக்க வேண்டிய சர்க்கரையை எரித்து விடுகிறார். வழியில் அருந்தும் இனிப்புப் பானங்கள் உதவும் என்றாலும், மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை சர்க்கரை உட்கொண்டாலும் கிடைப்பது 120 முதல் 240 கிலோ கலோரிதான். செலவோ அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஓட்டக்காரர்கள் "சுவரில் மோதுவது" என்று குறிப்பிடும் திடீர்த் தளர்ச்சி, இந்தக் கையிருப்பு தீர்வதன் விளைவே ஆகும்.

"தெம்பு இருக்கும்போதே வேகமாக ஓடிச் சில நிமிஷங்களைச் சேமித்து வைத்துக்கொண்டால், கடைசியில் தளர்ந்தாலும் பரவாயில்லை" என்பது பலர் மனதில் உள்ள வாதம். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும் இந்த வாதத்தை எளிய கணக்கு ஒன்றால் சோதித்துப் பார்க்கலாம்.

நான்கரை மணி நேரத்தில் மாரத்தானை முடிக்க விரும்பும் ஒருவர் கிலோமீட்டருக்கு 6 நிமிஷம் 24 விநாடி வேகத்தில் ஓட வேண்டும். அவர் முதல் 10 கிலோமீட்டரை 5 நிமிஷம் 50 விநாடி வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். கிலோமீட்டருக்கு 34 விநாடி வீதம் 5 நிமிஷம் 40 விநாடி மிச்சமாகும். அதன் விளைவாகக் கடைசி 12 கிலோமீட்டரை நடந்தும் ஓடியுமாகக் கிலோமீட்டருக்கு 9 நிமிஷத்தில் கடக்க நேர்ந்தால், இழப்பது 31 நிமிஷங்களுக்கு மேல். சேமித்தது ஐந்தே முக்கால் நிமிஷத்துக்கும் குறைவு. செலுத்திய வட்டியோ அதைப் போல் ஐந்து மடங்கு.

மாறாக, அவர் முதல் 10 கிலோமீட்டரைத் தன் இலக்கைவிடக் கிலோமீட்டருக்கு 15 விநாடி மெதுவாக ஓடினால் என்ன ஆகும்? மொத்த இழப்பு இரண்டரை நிமிஷம் மட்டுமே. மீதமுள்ள 32 கிலோமீட்டரில் கிலோமீட்டருக்கு 5 விநாடி வீதம் கூடுதலாக முயன்றால் அதை ஈடுகட்டி விடலாம். தொடக்கத்தில் மெதுவாக ஓடிய பிழை திருத்தத்தக்கது. வேகமாக ஓடிய பிழை திருத்த இயலாதது. இரண்டுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை உணர்ந்தவருக்கு எந்தப் பக்கம் தவறுவது பாதுகாப்பானது என்பது விளங்கிவிடும்.

மாரத்தானின் வரலாறு தொடங்கிய நாளிலேயே இந்தப் பாடமும் தொடங்கிவிட்டது. 1896-ஆம் ஆண்டு ஏதென்ஸில் நடைபெற்ற முதல் நவீன ஒலிம்பிக்கில், பிரான்ஸின் ஆல்பின் லெர்முசியோ மற்றவர்களைப் பின்தள்ளி மிக வேகமாக முன்னே ஓடினார். பல கிலோமீட்டர் வரை அவரே முன்னிலை வகித்தார்; ஆனால், 32-ஆவது கிலோமீட்டரை ஒட்டி ஓட்டத்தைக் கைவிட்டார். அடுத்து முன்னிலை பெற்ற ஆஸ்திரேலியாவின் எட்வின் பிளாக், 800 மீட்டர், 1,500 மீட்டர் ஓட்டங்களில் தங்கம் வென்ற ஆற்றலாளர். அவரும் இறுதிக் கட்டத்தில் நிலைகுலைந்தார். நிதானமாகப் பின்னால் வந்த கிரேக்கத்தின் ஸ்பைரிடன் லூயிஸ் வெற்றி பெற்றார்.

மாரத்தானின் தொலைவு 42.195 கி.மீ. என்றானது 1908-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில்தான். அங்கும் பிரிட்டன் வீரர்கள் சொந்த மண்ணின் ஆரவாரத்தில் தொடக்க மைல்களை மிக வேகமாக ஓடிப் பின்னர் தளர்ந்தனர். இத்தாலியின் டொராண்டோ பியத்ரி முதலாவதாக அரங்கத்துக்குள் நுழைந்தும், பலமுறை விழுந்து, அதிகாரிகள் தாங்கிப் பிடிக்க எல்லைக் கோட்டைக் கடந்தார். தகுதி நீக்கமும் செய்யப்பட்டார். தொடக்கத்தில் பின்தங்கியிருந்து ஒவ்வொருவராகக் கடந்து வந்த அமெரிக்காவின் ஜானி ஹேய்ஸுக்குத் தங்கம் கிடைத்தது.

1976-ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக்கிலும் இதைக் காணலாம். தொடக்கத்தில் முன்னணியில் நின்று வேகத்தைக் கூட்டியவர்களுள் ஒருவரான அமெரிக்காவின் பில் ரோட்ஜர்ஸ், பிற்பகுதியில் பின்தங்கி 40-ஆவது இடத்தையே பெற்றார். அதே ஓட்டத்தில் இந்தியாவின் சிவநாத் சிங் 11-ஆவது இடம் பெற்றார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1978-இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிஷத்தில் அவர் ஓடிய ஓட்டம் பல பத்தாண்டுகள் தேசிய சாதனையாக நிலைத்து நின்றது.

இக்காலத்து உலக சாதனையாளர்களின் கணக்கும் இதையே கூறுகிறது. 2018-இல் பெர்லினில் கென்யாவின் எலியுட் கிப்சோகே 2 மணி 1 நிமிஷம் 39 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தபோது, முற்பாதிக்கு 61 நிமிஷம் 6 விநாடியும், பிற்பாதிக்கு 60 நிமிஷம் 33 விநாடியும் எடுத்துக்கொண்டார். 2023-இல் சிகாகோவில் கெல்வின் கிப்டம் 2 மணி 35 விநாடியில் ஓடி அந்தச் சாதனை வரிசையை மேலும் முன்னெடுத்தார். அவரது முற்பாதி 60 நிமிஷம் 48 விநாடி. பிற்பாதி 59 நிமிஷம் 47 விநாடி. 2003-இல் லண்டனில் பௌலா ராட்கிளிஃப் 2 மணி 15 நிமிஷம் 25 விநாடியில் ஓடியபோதும் பிற்பாதியே வேகமானது.

விதிவிலக்கும் உண்டு. 2022-இல் பெர்லினில் கிப்சோகே முற்பாதியை 59 நிமிஷம் 51 விநாடியில் கடந்தார்; பிற்பாதிக்கு 61 நிமிஷம் 18 விநாடி ஆனது. அப்போதும் அது உலக சாதனையே. ஆனாலும், வாழ்நாள் முழுவதையும் ஓட்டத்துக்கே அர்ப்பணித்த ஒருவருக்கே தொடக்க வேகம் பிற்பாதியில் ஒன்றரை நிமிஷத்தைப் பறித்தது எனில், வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி செய்பவரிடம் அது எவ்வளவு பறிக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க மாரத்தான்களில் ஓடிய பல்லாயிரம் பேரின் நேரங்களை ஒப்பிட்ட ஆய்வு, பெண்கள் ஆண்களைவிடச் சீரான வேகத்தில் ஓடுகின்றனர் என்று காட்டியது. பிற்பாதியில் வேகம் சரிவது ஆண்களிடமே அதிகம். உடலியல் காரணங்களோடு, தன் வலிமையை மிகையாக மதிப்பிடும் மனப்போக்கும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். வள்ளுவர் வலியறிதலுக்கென ஓர் அதிகாரமே ஒதுக்கியதன் பொருத்தம் ஓட்டக்களத்திலும் புலப்படுகிறது.

சமதரையிலேயே இவ்வாறெனில், மலைச்சாலையில் சொல்லவே வேண்டியதில்லை. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவுக்குள் 1,200 மீட்டர் உயரம் ஏற வேண்டும். 60 கிலோ உடலை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கான வேலை மட்டுமே சுமார் 170 கிலோ கலோரி. எரிபொருளின் பெரும்பகுதியைத் தசைகள் வெப்பமாக வெளியேற்றி விடுவதால், உண்மையான செலவு அதைப் போல் இரண்டு முதல் நான்கு மடங்கு. அதாவது, தொலைவுக்கான செலவுக்கு மேல் இன்னும் ஐந்து முதல் பத்து கிலோமீட்டர் ஓடியதற்குச் சமம்.

மலை இன்னொரு வகையிலும் ஏமாற்றும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் பொதுவாக 6 டிகிரிக்கு மேல் குறையும். மேலே செல்லச் செல்லக் கிடைக்கும் குளிர்ச்சியால் களைப்பு குறைந்தது போலத் தோன்றும். ஆனால், ஏற்காட்டு உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவு குறைகிறது. சென்னைக் கடற்கரையில் பழகிய வேகத்தை இங்கு அப்படியே எதிர்பார்ப்பது தவறு.

மேலும், ஏற்காட்டு ஏரியை எட்டியதும் மலை முடிந்துவிட்டதாகத் தோன்றும், உண்மையில் முடிவதில்லை. அங்கிருந்து சுமார் 5 கிலோமீட்டரில், 1,620 மீட்டர் உயரத்தில், பரந்த புல்வெளி உச்சியில் இருக்கிறது சேர்வராயன் கோயில். குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும் குடிகொண்டுள்ள இக்கோயிலின் மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்களிலிருந்து மக்கள் திரள்கின்றனர். மாரத்தானின் 32-ஆவது கிலோமீட்டரும் அந்த ஏரிக்கரையைப் போன்றதே. பெரும்பகுதி கடந்தாயிற்று என்று தோன்றும் இடத்தில், கடினமான பகுதி இனிமேல்தான் தொடங்குகிறது. அதற்கென ஏதேனும் மிச்சம் வைத்திருப்பவரே உச்சியைக் காண்கிறார்.

மலையில் பிறந்து வளர்ந்தவர்களின் நடையைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை தெரியும். சுமையோடு ஏறும்போதும் அவர்கள் முதல் அடியில் விரைவதில்லை. கடைசி அடியில் தளர்வதுமில்லை. சரிவு கூடும்போது அடியின் நீளம் குறைகிறது. மூச்சின் தாளம் மாறுவதில்லை. வேகத்தை அல்ல, முயற்சியைச் சீராக வைத்துக்கொள்ளும் இந்த முறையையே இன்றைய பயிற்சியாளர்களும் மலையோட்டத்துக்குப் பரிந்துரைக்கின்றனர்.

ஏற்றத்தில் கைக்கடிகாரம் காட்டும் வேகத்தைத் துரத்துவது வீண். அடியைக் குறுக்கி, மூச்சைச் சீராக்கி ஓடுவதே முறை. வளைவின் உட்புறம் தொலைவு குறைவு என்றாலும் அங்கு சரிவு செங்குத்தானது. வெளிப்புறம் சற்றே நீளமானாலும் ஏறுவதற்கு எளிது. போக்குவரத்து நிறுத்தப்பட்ட சாலையில் வெளிப்புறமாக ஓடுவது கால்களைக் காக்கும். மிகவும் செங்குத்தான இடத்தில் விரைந்து நடப்பது இழுக்கல்ல. அதுவும் ஓர் உத்தியே.

இறக்கத்தில் தொடங்கும் ஓட்டங்களில் இன்னும் கூடுதல் எச்சரிக்கை தேவை. உலகப் புகழ்பெற்ற பாஸ்டன் மாரத்தான் ஹாப்கின்டன் என்னும் சிற்றூரில் இறக்கமாகவே தொடங்குகிறது. எடுத்த எடுப்பில் கிடைக்கும் இலவச வேகத்தில் மயங்கி ஓடுபவர்களின் தொடைத் தசைகள், ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைத் தடுத்து நிறுத்தும் வேலையில் நுண்ணிய சேதம் அடைகின்றன. 26-ஆவது கிலோமீட்டருக்குப் பின் நியூட்டன் மேடுகள் வரும்போதுதான் அது தெரியவருகிறது. அவற்றுள் கடைசி மேட்டுக்கு "இதயம் நொறுக்கும் குன்று" என்றே பெயர்.

தொடக்க நிதானம் என்பது பதக்கம், நேரம் ஆகியவை தொடர்பான செய்தி மட்டுமன்று. தமிழகத்தின் வெப்பச் சூழலில் அது உயிர்ப் பாதுகாப்பு தொடர்பானது. ஓடும்போது எரியும் ஆற்றலில் முக்கால் பங்குக்கும் மேல் வெப்பமாகவே மாறுகிறது. அதை வெளியேற்ற உடலுக்குள்ள முதன்மையான வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுமையாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறும்.

கடலோர நகரங்களின் ஈரப்பதத்தில் வியர்வை ஆவியாவதில்லை, சொட்டி வீணாகிறது. வெப்பம் உள்ளேயே தேங்குகிறது. வேகம் கூடினால் வெப்ப உற்பத்தியும் அதே விகிதத்தில் கூடும். உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைக் கடந்து, மனக் குழப்பம், தள்ளாட்டம், நினைவிழப்பு ஆகியவை தோன்றினால் அது வெப்பத் தாக்கு. உடனடியாகக் குளிர்ந்த நீரில் உடலை அமிழ்த்திக் குளிர்விக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

1954-ஆம் ஆண்டு வான்கூவர் காமன்வெல்த் போட்டியில் இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸ், கடும் வெயிலில், அடுத்தவரைவிட ஏறத்தாழ 17 நிமிஷம் முன்னதாக அரங்கத்துக்குள் வந்தார். ஆனால், எல்லைக் கோட்டை எட்ட இயலாமல் மீண்டும் மீண்டும் விழுந்து, தூக்கிச் செல்லப்பட்டார். அதன் பிறகு அவர் மாரத்தான் ஓடவே இல்லை. உலகின் தலைசிறந்த ஓட்டக்காரருக்கு நேர்ந்தது எவருக்கும் நேரலாம்.

அப்படியெனில், தொடக்க மைல்களை எவ்வாறு ஓடுவது? வேகத்தைத் தொடக்கக் கோட்டில் நின்றுகொண்டு தீர்மானிக்கக் கூடாது. முந்தைய நாளே தீர்மானித்துவிட வேண்டும். அண்மையில் ஓடிய அரை மாரத்தான் நேரம், பயிற்சியின்போது ஓடிய நீண்ட ஓட்டங்கள், அன்றைய வானிலை ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு இலக்கை வகுப்பது நல்லது. நண்பரின் இலக்கு நம்முடைய இலக்காகாது.

முதல் 5 கிலோமீட்டரை இலக்கு வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு 10 முதல் 15 விநாடி மெதுவாக ஓடலாம். அருகில் ஓடுபவருடன் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதே எளிய சோதனை. ஒன்றிரண்டு சொற்களுக்கு மேல் பேச முடியவில்லை எனில் வேகம் அதிகம் என்று பொருள். "இவ்வளவு மெதுவாக ஓடுகிறோமே" என்ற தயக்கம் மனதில் எழுந்தால், பெரும்பாலும் வேகம் சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

கூட்டத்தில் புகுந்து இடமும் வலமுமாக முந்திச் செல்வதைத் தவிர்க்க வேண்டும். அவ்வாறு ஓடுவதால் தொலைவும் கூடுகிறது, ஆற்றலும் வீணாகிறது. உயர்ந்த கட்டடங்கள், மேம்பாலங்கள் இடையே கைக்கடிகாரத்தின் செயற்கைக்கோள் கணக்கு பிசகக்கூடும் என்பதால், சாலையோரக் கிலோமீட்டர் பலகைகளில் நேரத்தைச் சரிபார்ப்பது நல்லது. தாகம் எடுக்கும் முன் குடம் குடமாகக் குடிப்பதும் தவறு. கடைசி வரை குடிக்காமலிருப்பதும் தவறு.

10 முதல் 30 கிலோமீட்டர் வரை வகுத்த வேகத்திலேயே செல்வதும், அதன் பிறகு வலிமை மிஞ்சியிருந்தால் மட்டும் வேகத்தைக் கூட்டுவதும் உகந்தது. கடைசி 10 கிலோமீட்டரில் மற்றவர்களைக் கடந்து செல்லும் ஓட்டக்காரர், பெரும்பாலும் வேகம் கூட்டியவர் அல்லர், வேகம் குறையாதவர்.

தனி மனிதரின் கட்டுப்பாட்டோடு, போட்டிகளை நடத்துவோரின் பொறுப்பும் இணைய வேண்டும். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோரை அவிழ்த்து விடுவதற்குப் பதிலாக, எதிர்பார்க்கும் நேரத்துக்கு ஏற்பக் குழுக்களாகப் பிரித்து, இடைவெளி விட்டு அனுப்பலாம். குறிப்பிட்ட நேரத்தில் ஓட்டத்தை முடிக்கச் சீராக ஓடிக் காட்டும் வேகவழிகாட்டிகளைப் பெரிய மாரத்தான்கள் நியமிக்கின்றன. சிறிய ஊர்களின் போட்டிகளிலும் இது கட்டாயமாக வேண்டும்.

வெயில் ஏறும் முன் ஓட்டத்தைத் தொடங்குவது, கடைசிக் கட்டத்தில் மருத்துவக் குழுவையும் குளிர்நீர்த் தொட்டிகளையும் ஆயத்தமாக வைத்திருப்பது, வெப்பம் எல்லை மீறினால் போட்டியைச் சுருக்கவோ நிறுத்தவோ தயங்காதிருப்பது ஆகியவை செலவல்ல, கடமை. தொடக்க மேடையில் "ஓடுங்கள், ஓடுங்கள்" என்று ஒலிபெருக்கியில் உசுப்பேற்றும் அறிவிப்பாளர், "முதல் ஐந்து கிலோமீட்டரை நிதானமாக ஓடுங்கள்" என்று ஒரு முறை கூறினாலே பலருக்கு நன்மை விளையும்.

நம் பள்ளிகளிலும் மாற்றம் தேவை. விசில் ஊதியதும் 1,500 மீட்டர் ஓட்டத்தைக்கூட 100 மீட்டர் ஓட்டமாகப் பாவித்துப் பாய்ந்து, இரண்டாவது சுற்றில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அமரும் சிறுவர்களை எல்லா விளையாட்டு விழாக்களிலும் காணலாம். அவர்களுள் பலர், "எனக்கு ஓட வராது" என்ற முடிவோடு மைதானத்தை விட்டே விலகி விடுகின்றனர். அவர்களுக்கு ஓட வராமல் இல்லை. எவ்வாறு தொடங்குவது என்று எவரும் கற்றுத்தரவில்லை. ஒவ்வொரு சுற்றையும் ஒரே நேரத்தில் ஓடிக் காட்டும் மாணவருக்கும் ஒரு பரிசு உண்டு என்று உடற்கல்வி ஆசிரியர்கள் அறிவித்தால், அப்பழக்கம் இளமையிலேயே வேரூன்றும்.

பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் வாக்கு. தொடக்கத்தில் நம்மைக் கடந்து பாய்ந்து செல்பவர்களைக் கண்டு பதறாமல், நாம் வகுத்த வேகத்தில் நாம் ஓடுவதற்கு உடல் வலிமையைவிட மன உறுதியே அதிகம் தேவைப்படுகிறது. வலிமை இருந்தும் அதைச் செலவிடாமல் காத்திருப்பது எளிதன்று. அந்தக் காத்திருப்பை முதல் 10 கிலோமீட்டரில் பழகியவருக்கே, இருபதாவது வளைவுக்கு அப்பாலும் மலையுச்சி வரை ஓடும் ஆற்றல் எஞ்சியிருக்கும்.